பின்பாட்டுக்கு ஆள் வேண்டும்!

ஆளுமை வளர்ச்சிக்கு ஒரு வகுப்பு, மேடைப் பேச்சுக்கு ஒரு வகுப்பு என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு ஓடுகிறோம். அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டாரக் கோயில் கொடை விழாக்களில் இதே பயிற்சி தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. வில்லுப்பாட்டைத்தான் சொல்கிறேன்.

தலைமைப் பாடகரான புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக் கதையை எடுத்துக்கொடுப்பார். அடியைத் திருப்பிப் பாட, இடையில் கேள்வி கேட்க, ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்தப் பின்பாட்டுக்காரர்கள் வேண்டும். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வேண்டும். இசக்கி கதையோ சுடலைமாடன் கதையோ உச்சத்துக்கு வரும்போது பெண்கள் குரவையிடுவார்கள், சாமியாடிக்கு அருள் வரும். அவர் ஆட்டத்தைப் பார்த்துப் புலவர் பாட்டை முடுக்குவார், நீட்டுவார். ஏட்டில் இருக்கும் கதை ஒன்றுதான். அன்றைய இரவில் ஊரே சேர்ந்து சொல்லும் கதை வேறு. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில், இந்தக் கதைகளைக் கொடைச் சடங்கோடு சேர்த்தே ஆராய்ந்தார்.

இந்த வட்டத்துக்குள் உட்காரும் பிள்ளை முதலில் கற்பது பேச்சை அல்ல, கேட்பதை. புலவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த அடியை விடுவார் என்று காதைத் தீட்டிவைத்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். அடுத்து நினைவாற்றல். அதற்கும் அடுத்ததாக, மறந்துபோன இடத்தில் சமாளிக்கும் துணிச்சல். ஜால்ராவில் தொடங்கி, குடத்துக்கு நகர்ந்து, கடைசியில் வில்லுக்கு வரும்போது அந்தப் பிள்ளை ஆளாகியிருக்கும்.

ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் கால்வைத்துத்தான் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனார். எதிராளி பேசி முடிப்பதற்குள் பதிலைத் தயாராக வைத்திருந்த அந்தக் கூர்மைக்கு வில்மேடையும் ஒரு பட்டறை என்றே நான் நம்புகிறேன். 2018-இல் மறைந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி சிறுமியாக இருந்தபோதே பாட வந்தவர். ஆண்கள் நிறைந்த கலையில் ஒரு பெண் பல ஊர்க் கொடைகளில் வில்லை முன்னால் வைத்து உட்கார்ந்தார் என்றால், அந்தத் தன்னம்பிக்கையை எந்த வகுப்பு தரும்?

கதைகளையும் பாருங்கள். இசக்கி, முத்துப்பட்டன், தோட்டுக்காரி என்று வில்லில் பாடப்படுகிறவர்களில் பலர் அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்கள். அருந்ததியர் வீட்டுப் பெண்களை மணந்த பிராமணன் முத்துப்பட்டன். அவன் மனைவியர் பிறப்பால் பிராமணப் பெண்களே என்று பிற்காலத்தில் கதையை மாற்றியதை ஆய்வாளர் நா.வானமாமலை எடுத்துக்காட்டினார். கதை யார் வாயில் இருக்கிறதோ, நியாயமும் அவர் கையில்தான். நம் பிள்ளைகளின் வாயில் இன்று எந்தக் கதை இருக்கிறது?

என் கவலை இங்கேதான். விடிய விடியப் பாடிய கதை சில மணி நேரத்துக்குச் சுருங்குகிறது. பந்தல் மேடையை இன்னிசைக் கச்சேரி பிடித்துக்கொள்கிறது. கேட்க வேண்டிய பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனோடு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். புலவருக்கு வயதாகலாம், கலை தாங்கும். பின்பாட்டுக்குப் புதுக் குரல் வராவிட்டால் அடுத்த புலவர் எங்கிருந்து வருவார்?

வில்லுப்பாட்டு வழிபாடு, இதில் சுயமுன்னேற்றம் தேடக் கூடாது என்பாரும் உண்டு. சடங்கின் மதிப்பு குறைய வேண்டாம். பாடுகிற பிள்ளை வளர்ந்தால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஊர்க் கமிட்டிக்காரர்களே, கொடை வரியில் வில்லுப்பாட்டுக்கு ஒதுக்கும் தொகையைக் குறைக்காதீர்கள். ஒரு கதையையாவது முழு இரவும் பாட விடுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரை, ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஜால்ராவோடு புலவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெற்றோரே, அடுத்த கொடைக்கு உங்கள் பிள்ளையை அனுப்புங்கள்.