நாரி நொந்தவன் மீண்டும் ஓடலாமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே அமைந்த மயிலிட்டியை மூத்த தலைமுறையினர் இரண்டு காரணங்களால் அறிவர். ஒன்று, அதன் மீன்பிடித் துறை. மற்றது, கடற்காற்று வீசும் அக்கரையில் ஒரு காலத்தில் இயங்கிய காசநோய் வைத்தியசாலை. 'சனற்றோரியம்' எனப்பட்ட அத்தகைய வைத்தியசாலைகள் உலகெங்கும் ஒரே கொள்கையை அடித்தளமாகக் கொண்டு எழுந்தவை. நோயாளிக்கு நல்ல காற்று வேண்டும், நல்ல உணவு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நீண்ட ஓய்வு வேண்டும் என்பதே அக்கொள்கை. மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், கட்டிலிற் கிடப்பதே சிகிச்சையாக இருந்தது. காசநோய் முள்ளந்தண்டைப் பற்றிக்கொண்டால் ஓய்வு மேலும் கடுமையாகும். உடலைச் சாந்துக்கட்டினால் இறுக்கி நோயாளியை அசையாமற் கிடத்துவர்.

அந்தக் காலம் சென்றுவிட்டது. ஆனால், முதுகு பழுதானால் அசையாதிருப்பதே மருந்து என்னும் எண்ணம் மக்கள் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. வள்ளத்தைக் கரையேற்றும்போது நாரி பிடித்தவனுக்கும், பனையிலிருந்து விழுந்தவனுக்கும், மோட்டார் சைக்கிள் விபத்திற் சிக்கியவனுக்கும் ஊர் சொல்லும் புத்திமதி ஒன்றே: "தம்பி, பேசாமற் படு. இனி ஓட்டம் ஆட்டம் ஒன்றும் உனக்கு வேண்டாம்."

அவ்வாறு சொல்லப்பட்டவன் நெடுந்தூர ஓட்டக்காரனாயின் அவன் இழப்பது ஒரு பொழுதுபோக்கை மட்டும் அன்று. பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கு முன்னோடியாக நடைபெறும் மரதன் ஓட்டத்தில் தன் பெயரை நாட்டியவன் அவன். பின்னர் கடற்றொழிலுக்குப் போன போதிலும், காலையிலோ மாலையிலோ சில மைல் தூரம் ஓடுவதைத் தன் வாழ்வின் ஒழுங்காகக் கொண்டவன். அத்தகைய ஒருவன் கடும் முதுகுக் காயத்தின் பின்னர் மீண்டும் ஓடலாமா? ஓடலாமெனின், எப்போது, எவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண, முதலில் முள்ளந்தண்டின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

முள்ளந்தண்டின் அசையக்கூடிய பகுதியில் 24 என்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றினிடையே 23 இடைத்தட்டுகள் உண்டு. ஒவ்வொரு தட்டும் வெளியே உறுதியான நார் வளையங்களாலும், உள்ளே நீர் செறிந்த மென்மையான கருவினாலும் ஆனது. பகல் முழுவதும் நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்நீரிற் சிறிது பிழிந்து வெளியேற்றப்படுகிறது. இரவிற் படுத்திருக்கும்போது அது மீண்டும் ஊறுகிறது. மாலையில் மனிதன் காலையிலிருந்ததைவிட ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் குட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. வளர்ந்தவரின் இடைத்தட்டிலே, வெளி ஓரத்தைத் தவிர, இரத்தக் குழாய்கள் இல்லை. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வர, பஞ்சு நீரை உறிஞ்சுவது போலவே அது தன் உணவைப் பெறுகிறது. ஆகவே, அசைவே இல்லாத முதுகில் இடைத்தட்டு பட்டினி கிடக்கிறது என்று கூறினும் தகும்.

தட்டின் வெளி வளையம் கிழிந்து உட்கரு பிதுங்குமாயின், அது அருகிலுள்ள நரம்பை நெருக்குகிறது. நாரியில் தொடங்கிப் பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இழுக்கும் நோவு இவ்வாறு உண்டாவதே. இந்தத் தொடர்பை 1934 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்களான மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். அதன் பின்னர் இதற்குச் சத்திரசிகிச்சை செய்வது பெருகிற்று. எனினும், பிதுங்கிய பகுதியை உடலே காலப்போக்கிற் கரைத்துவிடுவதும் உண்டு. நெதர்லாந்தில் காலுக்குள் இழுக்கும் கடும் நோவுடைய 283 பேரை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிவின்படி, விரைவிற் சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கு நோவு விரைவில் தணிந்தது. ஆனால், ஓராண்டு முடிவில் அவர்களும், பொறுத்திருந்து தேவையானபோது மட்டும் சத்திரசிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். இரு பகுதியாரிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் நலமடைந்ததாகக் கூறினர்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. முதுகுக் காயம் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. விழுந்து என்பு முறிந்தவனுக்கு, அம்முறிவு உறுதியானதா என்பதைப் படம்பிடித்துப் பார்த்து வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். அதுவரை ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மலசலம் கழிப்பதிற் கட்டுப்பாடு இழத்தல், தொடைகளின் இடையிலும் இருக்கையிலும் மரத்துப்போதல், கால்கள் வலுவிழந்து மடிதல், காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகு நோவு ஆகியன ஆபத்தின் அறிகுறிகள். முதல் மூன்றில் எது தோன்றினும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பதாற் கால்களையே இழக்க நேரிடலாம்.

இத்தகைய ஆபத்துகள் இல்லை என்று வைத்தியர் தெளிந்த பின்னரே ஓய்வா, இயக்கமா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு வைத்திய உலகம் விடை கண்ட வரலாற்றில் மயிலிட்டிச் சனற்றோரியத்தை நினைவூட்டும் ஒரு பகுதி உண்டு. சென்னையிலே 1956 இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சனற்றோரியத்திலும் மறுபகுதியினரை அவர்தம் எளிய வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் இல்லை, போதிய ஓய்வும் இல்லை. இருந்தும், 1959 இல் வெளியான முடிவில் அவர்களும் மற்றவர்களைப் போலவே குணமடைந்திருந்தனர். நோயைத் தீர்த்தது மருந்தேயன்றிக் கட்டில் அன்று என்பது புலனாயிற்று. பின்னர் கொரியாவின் மாசான் நகரில், முள்ளந்தண்டிற் காசநோய் கண்டவர்களுள் சிலரை ஆறு மாதம் படுக்கையில் வைத்தும், சிலரைத் தொடக்கத்திலிருந்தே நடமாட விட்டும், இரு சாராருக்கும் மருந்து கொடுத்தனர். படுக்கையால் மேலதிக நன்மை எதுவும் விளையவில்லை என்பது 1973 இல் வெளியாயிற்று.

சாதாரண நாரி நோவுக்கும் இதுவே பொருந்துமா என்பதைப் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் ஆராய்ந்தனர். திடீரென நாரி நோவு கண்ட 186 மாநகர ஊழியர்களுள் ஒரு பகுதியினர் இரண்டு நாள் படுத்திருந்தனர். ஒரு பகுதியினர் நாரிக்கான அப்பியாசம் செய்தனர். எஞ்சியோர் நோவு அனுமதித்த அளவில் வழக்கமான அலுவல்களைச் செய்தனர். விரைவாக மீண்டவர்கள் இக்கடைசிப் பகுதியினரே என்றும், மிகத் தாமதமாக மீண்டவர்கள் படுத்திருந்தவர்களே என்றும் 1995 இல் அறிவிக்கப்பட்டது.

நடமாடுவது சரி, ஓட்டம் இடைத்தட்டைத் தேய்த்துவிடாதா என்று கேட்கலாம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நிலத்திலிருந்து எழும் தாக்கம் உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்காகும். ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தில் இது ஏறக்குறைய ஐயாயிரம் முறை நிகழ்கிறது. ஆயினும், அவுஸ்திரேலியாவில் 79 பேரை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்டவர்கள், வழக்கமாக ஓடுவோரின் இடைத்தட்டுகள் ஓடாதவர்களின் தட்டுகளைவிட நீர்ச்செறிவு மிக்கனவாக இருந்தன எனக் கண்டனர். அவர்கள் காயமுற்றவர்கள் அல்லர். ஆகவே காயமுற்ற முதுகுக்கும் ஓட்டமே மருந்து என்று இதிலிருந்து முடிவுகட்டலாகாது. ஓட்டம் இயல்பாகவே முள்ளந்தண்டின் பகை அன்று என்பதே இதனாற் பெறப்படுவது.

இனி, மீளும் வழியைப் பார்ப்போம். முதற்படி நடை. சமநிலத்தில் அரைமணி நேரம் விரைவாக நடந்து, மறுநாட் காலையில் நோவு கூடாதிருத்தல் வேண்டும். இந்நிலையைப் பல நாள் தொடர்ந்து அடைந்த பின்னரே ஓட்டத்தை எண்ணலாம். சத்திரசிகிச்சை பெற்றவர்களும் என்பு முறிந்தவர்களும் இதற்குச் சில மாதங்கள் காத்திருக்க நேரும். எத்தனை மாதம் என்பதைச் சிகிச்சை செய்தவரே சொல்லல் வேண்டும்.

நடக்கும் காலத்திலேயே முதுகு, வயிறு, இடுப்பு ஆகியவற்றின் தசைகளை வலுப்படுத்தத் தொடங்குதல் நன்று. முள்ளந்தண்டை ஒட்டியுள்ள ஆழ்தசைகள் நோவு நின்றதனால் மட்டும் தாமாகவே பழைய அளவுக்கு வளர்வதில்லை என்பதை 1996 இல் குயின்ஸ்லாந்து ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். நோவு போய்விட்டதென்று உடனே ஓடப் புறப்பட்டவன் மீண்டும் மீண்டும் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். தக்க அப்பியாசங்களை இயன் மருத்துவரிடம் கேட்டறியலாம்.

அடுத்த படி ஓட்டமும் நடையும் கலந்தது. ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடத்தல் வேண்டும். இவ்வாறு பத்து முறை செய்தால் அரைமணி நேரமாகும். இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தல் போதும். உடல் ஏற்றுக்கொண்டால் ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நடக்கும் நேரத்தைக் குறைக்கலாம். அரைமணி நேரம் இடைவிடாது ஓட முடிந்த பின்னரே தூரத்தைக் கூட்டலாம். வேகத்தைப் பற்றி எண்ணுவது அதற்கும் பின்னரே. தூரம், வேகம் இரண்டையும் ஒரே வாரத்திற் கூட்டினால், நோவு வந்தபோது குற்றவாளி எது என்று அறிய முடியாது. அடிகளைக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டி ஓடினால் ஒவ்வோர் அடியின் தாக்கமும் குறையும்.

கடற்கரை மணல் மென்மையானது, அதுவே நாரிக்கு நல்லது என்று பலர் எண்ணுவர். மணல் தாக்கத்தைக் குறைப்பது மெய். ஆனால் கால் புதைவதால் தசைகளின் வேலை பெருகுகிறது. கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக இடுப்புச் சாய்கிறது. தொடக்கத்திற்கு ஏற்றது சமமான மண்தரையே. வலிகாமத்தின் மேடு பள்ளமற்ற நிலம் இவ்வகையில் ஓர் அருட்கொடை எனலாம்.

நோவைச் சரியாக அறிந்துகொள்வது இப்பயணத்திற் பெரிய கலை. நியூசீலாந்தின் இயன் மருத்துவரான ரொபின் மக்கென்சி 1956 இல் ஒரு நோயாளியிடம் தற்செயலாகக் கண்ட உண்மை இதற்கு உதவும். காலிலிருந்து நோவு விலகி நாரியின் நடுவுக்கு ஒடுங்குவது நற்குறி. நாரியிலிருந்து காலுக்குள் இறங்குவது தீக்குறி. ஓடிய பின் நாரியிற் சிறிது இறுக்கம் தோன்றி மறுநாட் காலைக்குள் மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. காலுக்குள் இறங்கினால், அல்லது மறுநாளும் தணியாதிருந்தால், முந்திய படிக்குத் திரும்புதல் வேண்டும். படியிறங்குவது தோல்வியன்று.

கடற்றொழில் செய்வோனுக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு உண்டு. ஓட்டத்தை மட்டும் அளந்து தொழிலை அளக்காமல் விட்டால் கணக்குத் தவறும். அலையிற் படகு மோதும் ஒவ்வொரு மோதலும், ஈரவலையைக் குனிந்து இழுக்கும் ஒவ்வோர் இழுப்பும் அவன் முதுகிலேயே பதிவாகின்றன. ஆகவே பாரமாக வலை இழுத்த நாளை ஓட்டமில்லா நாளாகக் கொள்ளல் தகும். மேலும், உறங்கி எழுந்த வேளையில் இடைத்தட்டுகள் நீரூறிப் பருத்திருப்பதால், எழுந்தவுடன் குனிந்து பாரம் தூக்குவதைத் தவிர்த்துச் சிறிது நேரம் நடமாடிய பின்னர் தொழிலைத் தொடங்குவது நன்று.

எல்லாம் செய்தும் பழைய வேகம் சிலருக்கு வாராது. காலிலே சிறு மரப்பு நிலைத்துவிடலாம். பத்துக் கிலோமீற்றர் ஓடியவன் ஐந்துடன் அமைய நேரலாம். ஆனால், ஓடவே கூடாது என்ற அச்சத்தோடு ஆண்டுகளைக் கழிப்பதற்கும், தன் எல்லையை அறிந்து ஐந்து கிலோமீற்றர் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அச்சத்தினால் அசையாதிருப்பவனின் தசை மெலிகிறது. மெலிந்த தசை மேலும் நோவைத் தருகிறது. நோவு மேலும் அச்சத்தை வளர்க்கிறது. இந்த வட்டத்தை முறிக்கும் முதல் அடி, சமநிலத்தில் வைக்கும் ஒரு நடையடியே.

திரும்புதல் என்றால் என்ன என்பதை மயிலிட்டி மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990 யூன் மாதத்தில் போரினால் ஊரை விட்டகன்ற அவர்கள், 27 ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்திருந்தனர். 2017 யூலையில் துறைமுகமும் அதனை அடுத்த காணிகளும் விடுவிக்கப்பட்டன. திரும்பியவர்கள் கண்டது தாம் விட்டுச்சென்ற ஊரை அன்று. வீடுகள் இடிந்தும் காணிகள் பற்றைமண்டியும் கிடந்தன. ஊர் முழுவதும் ஒரே நாளிற் கைக்கு வரவில்லை, பகுதி பகுதியாகவே வந்தது. ஆயினும், பழையபடி எல்லாம் வரும்வரை கடலுக்குப் போகோம் என்று எவரும் கரையில் அமர்ந்திருக்கவில்லை. இருந்ததைக் கொண்டு தொடங்கினர். நாரி நொந்த ஓட்டக்காரனும் அவ்வாறே தொடங்குதல் வேண்டும்.