பொக்காளி வயல்களைக் காக்க அரசு தரும் உதவி என்ன? அது யாரைச் சென்றடைகிறது?

போர்ட் கொச்சி: சீன வலைகளைக் காண வரும் சுற்றுலாப் பயணிகள் கவனிக்காமல் கடந்து செல்லும் அலுவலகம் ஒன்று போர்ட் கொச்சியில் இயங்கி வருகிறது. அது வருவாய் கோட்டாட்சியர் அலுவலகம். கொச்சி, கணயன்னூர், பரவூர், ஆலுவா ஆகிய நான்கு வட்டங்களிலும் எந்த நிலம் நெல் வயலாக நீடிக்க வேண்டும், எதில் வீடு கட்டலாம் என்ற கோரிக்கைகள் நெடுங்காலமாக இங்குதான் வந்து சேர்ந்தன. எர்ணாகுளம் மாவட்டத்தின் பொக்காளி வயல்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அமைந்திருப்பதால், அவற்றின் எதிர்காலமும் இந்தக் கோப்புகளோடு பிணைந்துள்ளது.

செல்லானம், கும்பளங்கி, கடமக்குடி, ஏழிக்கரை, வைப்பின் தீவு ஆகிய பகுதிகளில் கடல் ஏற்றவற்றத்துக்கு உட்பட்ட உவர் நிலங்களில் விளையும் நெல்லே பொக்காளி. 'பொக்கம்' என்றால் மலையாளத்தில் உயரம். வெள்ளம் ஏற ஏறத் தானும் உயர்ந்து நிற்கும் பயிர் இது. கோடையில் வயலைக் காயவிட்டு மண்ணைச் சிறு மேடுகளாகக் குவிப்பார்கள். தென்மேற்குப் பருவமழை அந்த மேடுகளில் படிந்த உப்பைக் கழுவிய பிறகு முளைகட்டிய விதையை அவற்றின் மீது விதைப்பார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டை உடைத்து, மண்ணோடு சேர்த்து வயலெங்கும் பரப்புவார்கள். உரமும் பூச்சிமருந்தும் இடுவதில்லை. அறுவடையில் கதிரை மட்டும் கொய்து தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். அழுகும் அந்தத் தாள், அடுத்து மதகு வழியே வரும் இறால் குஞ்சுகளுக்கு உணவாகிறது. நவம்பர் 14 வரை நெல், 15 முதல் ஏப்ரல் 14 வரை இறால் என்பதே 'ஒரு நெல், ஒரு மீன்' என அழைக்கப்படும் அரசின் நாள்காட்டி.

இந்த நெல்லின் மதிப்பு கேரளத்தோடு நிற்பதல்ல. உப்பைத் தாங்கும் 'சால்டால்' என்ற மரபணுப் பகுதி பொக்காளியிலிருந்தே கண்டறியப்பட்டது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கொண்டு புதிய ரகங்களை உருவாக்கியுள்ளது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வைட்டிலா நெல் ஆராய்ச்சி நிலையமும் பொக்காளி நிலங்களுக்கென ரகங்களை வெளியிட்டு வருகிறது. இதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆயினும், ஒருகாலத்தில் சுமார் 25,000 ஹெக்டேரில் பரவியிருந்ததாகக் கூறப்படும் இச்சாகுபடி, இன்று அதில் சிறு பகுதியில் மட்டுமே நடைபெறுகிறது.

பாதுகாப்புக்கு முதல் அரண் சட்டம். 2008 இல் நடைமுறைக்கு வந்த கேரள நெல்வயல் மற்றும் நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம், தரவு வங்கியில் பதிவான வயலை நிரப்புவதைத் தடை செய்கிறது. பதிவு தவறு எனக் கருதும் உரிமையாளர், வருவாய் கோட்டாட்சியரிடம் 5 ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். இத்தகைய விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்ததால், 2024 இல் ஒப்புதல் பெற்ற சட்டத் திருத்தம் துணை ஆட்சியர்களுக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் வழங்கியது.

தடை ஒருபுறம் என்றால், ஊக்கத்தொகை மறுபுறம். வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் 'ராயல்டி' வழங்கும் திட்டத்தைக் கேரள அரசு 2020 இல் தொடங்கியது. பின்னர் அத்தொகை 3,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வெள்ளநீரைத் தேக்குவது, நிலத்தடி நீரைப் பெருக்குவது என வயல் சமூகத்துக்கு ஆற்றும் சேவைக்கான கட்டணம் இது என்பதே அரசின் விளக்கம். தரிசு நிலத்தின் உரிமையாளரும், நேரடியாகவோ பிற விவசாயிகள் மூலமாகவோ அதைச் சாகுபடிக்குப் பயன்படுத்தினால் இதைப் பெறலாம். அமெரிக்காவில் 1985 முதல் நடைமுறையில் உள்ள நிலப் பாதுகாப்புத் திட்டம், பயிரிடாமல் விடுவதற்காக விவசாயிக்கு வாடகை தருகிறது. கேரளம் பயிரிடுவதற்காகத் தருகிறது என்பதே வேறுபாடு.

கருத்து சிறந்தது; தொகைதான் சிறியது. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 247 சென்ட். அந்தக் கணக்கில் ஒரு சென்ட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 12 ரூபாய். 25 சென்ட் வயல் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது 300 ரூபாய்க்குச் சற்றே கூடுதல். கொச்சி நகரை ஒட்டி வீட்டுமனைக்கு உள்ள விலையோடு இதை ஒப்பிடவே இயலாது.

இந்தப் பணம் யார் கைக்குச் செல்கிறது என்பது அடுத்த கேள்வி. ராயல்டி நில உரிமையாளருக்கானது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டமும் நிலப் பதிவையே அடிப்படையாகக் கொண்டது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் புதிய குத்தகையை அனுமதிப்பதில்லை. எனவே பிறர் வயலில் பயிர் செய்பவர் வாய்மொழி ஏற்பாட்டையே நம்பியிருக்கிறார்; அவர் பெயரில் ஆவணம் ஏதும் இருப்பதில்லை. இடுப்பளவு நீரில் நின்று கதிர் கொய்யும் பெண் தொழிலாளர்கள் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. சேறு நிறைந்த இவ்வயல்களில் வழக்கமான அறுவடை இயந்திரம் இறங்க முடியாது என்பதால், கொய்ய ஆள் கிடைக்காத ஆண்டில் விளைந்த கதிர் நீரிலேயே வீணாகிறது.

இங்குதான் இறால் முந்துகிறது. மதகைத் திறந்தால் குஞ்சுகள் தாமாகவே உள்ளே வரும். உழைப்பு குறைவு, வருமானம் அதிகம். அதனால் சில பாடசேகரங்களில், அதாவது கூட்டாக நிர்வகிக்கப்படும் வயல் தொகுப்புகளில், ஏப்ரலுக்குப் பிறகும் உவர்நீர் வடிக்கப்படுவதில்லை. நீரை இறைத்து வயலைக் காயவிடாவிட்டால் மேடு கட்ட முடியாது. அவ்வாண்டு நெல்லும் இல்லை. ஆண்டு முழுவதும் தேங்கும் உப்புநீர் அருகிலுள்ள வீட்டுச் சுவர்களை அரிப்பதாகக் கரையோர மக்கள் நெடுங்காலமாகப் புகார் கூறி வருகின்றனர்.

தமிழக வாசகர்களுக்கு இந்த மோதல் புதிதல்ல. நாகப்பட்டினம் கடற்கரையில் இறால் பண்ணைகளை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. பாரம்பரிய முறை வளர்ப்பை அத்தீர்ப்பு வேறாகவே கருதியது. நெல்லோடு மாறி மாறி நடக்கும் வரையில் பொக்காளி வயலின் இறால் அந்தப் பாரம்பரிய முறையைச் சேர்ந்தது. நெல் நின்றுபோன வயலில் அதை அப்படி அழைப்பது கடினம்.

நெல் விலையிலும் சிக்கல் உண்டு. மாநில அரசின் சப்ளைகோ நிறுவனம் 2023-24 இல் நெல்லுக்குக் கிலோவுக்கு 28.20 ரூபாய் வழங்கியது. உரமின்றி, இயந்திரமின்றி விளைந்த பொக்காளிக்கு இந்தப் பொது விலை கட்டுப்படியாகாது என்பதால் விவசாயிகள் பலர் அரிசியாக்கி நேரடியாக விற்கின்றனர். இறால் குளத்தை வற்றச் செய்வதற்கான செலவையும், கதிர் கொய்யும் கூலியையும் ஏப்ரல் 14 க்கு முன்பே யார் ஏற்பது என்று ஒவ்வொரு பாடசேகரக் குழுவும் ஆண்டுதோறும் முடிவு செய்ய வேண்டியுள்ளது. மதகு அடைபடுவது அந்த முடிவைப் பொறுத்தது.