கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? லேப்டாப்பைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. ஆனாலும் லேப்டாப்பை இணைத்து அதனுடன் பேசலாம். அப்படிப் பேசியதால் என் பிரச்சினை ஒன்று தீர்ந்தது. அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

என்ன பிரச்சினை?

நாங்கள் குன்னூரில் வசிக்கிறோம். என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். வாரத்தில் 3 நாட்கள் அதிகாலையில் அப்பாவை டயாலிசிஸுக்காக ஊட்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குளிர்காலம் தொடங்கியதும் கார் அடம்பிடிக்க ஆரம்பித்தது. காலையில் 6, 7 முறை சாவியைத் திருப்பினால்தான் ஸ்டார்ட் ஆகும். மதியம் அதே கார் ஒரே திருப்பலில் கிளம்பிவிடும்.

மெக்கானிக் முதலில் பேட்டரியை மாற்றினார். அடுத்து ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். பலன் இல்லை. ஒரு நாள் கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. அன்று அப்பாவுக்குச் சிகிச்சை நேரமும் குறைந்தது. "பெட்ரோல் பம்பை மாத்திப் பார்க்கலாம் சார்" என்றார் மெக்கானிக். இனியும் பார்ட்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பது சரியில்லை, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

குளிரில் என்ன நடக்கிறது?

குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. அதனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆக வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோல் தேவை. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதற்காகத்தான் 'சோக்' இருந்தது. இப்போது அந்த வேலையை ஈசியூ எனப்படும் காரின் கம்ப்யூட்டர் செய்கிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை ஒரு சென்சார் அதற்குச் சொல்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் பெட்ரோலின் அளவு முடிவாகிறது.

எக்செல்லில் தவறான எண்ணைக் கொடுத்தால் ஃபார்முலா சரியாக இருந்தும் விடை தவறாகத்தானே வரும்? காரிலும் அதே கதைதான்.

தேவையானவை

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இதை ஓபிடி போர்ட் என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓபிடி-2 கட்டாயமானது. நம் நாட்டில் பிஎஸ்-4 கார்களில் 2010-ல் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் ஓபிடி-2-ம் வந்தன. அதற்கு முந்தைய சில கார்களில் சாக்கெட் இருந்தாலும் சாதாரணக் கருவிக்குப் பதில் வராமல் போகலாம்.

இந்தப் போர்ட்டில் செருக 'இஎல்எம்327' என்ற அடாப்டர் வேண்டும். லேப்டாப்புக்கு யுஎஸ்பி வகை வசதியானது. ஆண்ட்ராய்டு போனுக்கு புளூடூத் வகையை வாங்கலாம்.

இணைப்பது எப்படி?

1. அடாப்டருக்கான டிரைவரை லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் பகுதியில் அடாப்டருக்கு எந்த 'காம்' எண் கிடைத்துள்ளது என்று பாருங்கள்.

3. புட்டி என்ற இலவச மென்பொருளில் 'சீரியல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காம் எண்ணையும் வேகமாக 38400-ஐயும் கொடுங்கள். பெரும்பாலான யுஎஸ்பி அடாப்டர்களுக்கு இந்த வேகம் பொருந்தும்.

4. கார் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கார் என்ன சொன்னது?

இரவு முழுவதும் நின்ற காரில், காலை 5 மணிக்கு இதைச் செய்தேன். முதலில் 'ஏடிஆர்வி' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்தேன். இது பேட்டரியின் வோல்டேஜைக் காட்டும். 12.5 என்று வந்தது. பேட்டரியில் குறையில்லை.

அடுத்து 0105 என்று டைப் செய்து என்டர் தட்டினேன். இது கூலன்ட் வெப்பநிலையைக் கேட்கும் கட்டளை. "41 05 64" என்று பதில் வந்தது. முதல் இரண்டும் கேள்விக்கான அடையாளம். கடைசி எண்தான் விடை. அது ஹெக்ஸாடெசிமல் எண். ஹெக்ஸில் 64 என்பது நம் கணக்கில் 6 x 16 + 4 = 100. அதிலிருந்து 40-ஐக் கழிக்க வேண்டும். அதாவது 60 டிகிரி!

குன்னூரின் டிசம்பர் அதிகாலையில், இரவெல்லாம் நின்ற எஞ்சின் 60 டிகிரி சூட்டில் இருக்குமா? சந்தேகம் தீர, எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையையும் கேட்டேன். அதற்கான கட்டளை 010எஃப். கடைசி எண்ணாக 34 வந்தது. 3 x 16 + 4 = 52. நாற்பதைக் கழித்தால் 12 டிகிரி.

இரவு முழுவதும் நின்ற காரில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே 48 டிகிரி வித்தியாசம்! எஞ்சின் சூடாக இருக்கிறது என்று நம்பி, ஈசியூ பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. மதியம் எஞ்சின் உண்மையிலேயே சூடாக இருந்ததால் தொல்லை தெரியவில்லை. 60 டிகிரி என்பது நடக்கக்கூடிய அளவுதான் என்பதால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

உறுதி செய்து கொண்டேன்

சாவியை அணைத்துவிட்டு அந்தச் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே கூலன்ட் கசிந்து பச்சை பிடித்திருந்தது. கனெக்டர் இல்லாமலேயே ஸ்டார்ட் செய்தேன். இரண்டாவது திருப்பலில் எஞ்சின் ஓடியது! சென்சாரிலிருந்து தகவல் வராதபோது ஈசியூ தன்னிடம் உள்ள மாற்று மதிப்பை எடுத்துக்கொள்ளும். இப்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பி0118 என்ற பிழை எண் பதிவாகியிருந்தது. சென்சார் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கலாம் என்பதைக் குறிக்கும் எண் அது.

மெக்கானிக்கிடம் எண்களைக் காட்டினேன். அன்றே சென்சாரையும் கனெக்டரையும் மாற்றினார். மறுநாள் காலை கூலன்ட் 11 டிகிரி, காற்று 12 டிகிரி. ஒரே திருப்பலில் கார் கிளம்பியது. அப்பா நேரத்துக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். பம்ப் பழையதுதான், நன்றாகவே ஓடுகிறது.

கவனிக்க வேண்டியவை

* எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சூடான எஞ்சினில் கூலன்ட் மூடியையோ சென்சாரையோ திறக்காதீர்கள்.

* பிழை எண் இருந்தால் முதலில் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு அழிக்கலாம்.

* வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரி மெல்ல மெல்லக் காலியாகும்.

* இரண்டு வெப்பநிலைகளும் ஒத்துப்போனால் சென்சார் மீது பழி போடாதீர்கள். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் பெட்ரோல் அழுத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் ஒரு விடுமுறை நாள் காலையில் இதை முயன்று பாருங்கள். இப்போது கார் நன்றாக ஓடினாலும், அந்த இரண்டு எண்களையும் ஒரு டைரியில் எழுதி வையுங்கள். நாளை பிரச்சினை வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.