அச்சமும் வாடகையும்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யுத்தம் நெருங்கவே, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டுமென்ற அறிவித்தல் ஒலிபெருக்கிகளில் பரவியதும், கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்டு நகர்ந்த லட்சக்கணக்கான ஜனங்களுள், சொந்த வீட்டைப் பூட்டியவர்களோடு வாடகை வீட்டைப் பூட்டியவர்களும் இருந்தார்கள். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுப்பதற்கு அன்று யாருக்கு அவகாசம் இருந்தது? கொடுப்பதென்றாலும், வீட்டுக்காரரும் அதே வீதியில் மூட்டையோடு நின்றார்.

அவ்விதம் போனவர் வாடகைக்குக் கடன்பட்டவரா என்பது சட்டத்துக்குப் புதிய வினா அன்று. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த நமது யாழ்ப்பாணச் சட்டமாகிய தேசவழமை ஒற்றியைப் பற்றிப் பேசும். அது மௌனம் சாதிக்குமிடத்தில் உரோமன் டச்சுச் சட்டமே பிரமாணம். அதன் ஊற்றாகிய, ஜஸ்டீனியன் சக்கரவர்த்தி 533இல் வெளியிட்ட நியாயத் தொகுப்பிலே, அல்பேனுஸ் என்னும் பண்டைய சட்ட நிபுணரின் அபிப்பிராயமொன்று காணப்படுகிறது: அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்து ஒருவர் வீட்டைவிட்டு நீங்கினால், அபாயம் பிற்பாடு நேராமலே போனாலும், அவர் வாடகை செலுத்த வேண்டியதில்லை, காரணமின்றி அஞ்சியவரோ செலுத்தவே வேண்டும். எத்தனை மனிதாபிமானமுள்ள தீர்ப்பு!

ஆனால், யுத்தத்துக்கும் வெள்ளத்துக்கும் இரங்கும் இந்த நியாயம், திடீரென்று வந்த நோய்க்கோ உத்தியோக இடமாற்றத்துக்கோ அவ்வளவு சுலபமாக இரங்குவதில்லை. மாதாந்த வாடகையில் இருப்பவர் மாத முடிவோடு முடியும்படி ஒரு மாத அறிவித்தல் கொடுத்தால் விடுபடலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணைக்கு, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடித்தவரோ, தவணை தீரும்வரை கட்டுண்டவர். அவருடைய முற்பணமும் அப்படியே. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற விடாமல் காத்தது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வீட்டுக்காரர் விரைவில் வீட்டை மீட்க வழி செய்தது. தாமாகவே போக வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருப்பவரை இரண்டுமே பிரதானமாகக் கருதவில்லை என்பது என் குறை.

ஆகையால், வாடகை உறுதியில் கையொப்பமிடப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வைத்தியரின் சான்றிதழோ இடமாற்றக் கடிதமோ காட்டி, ஒரு மாத அறிவித்தலோடு விலகலாம், மிகுதி முற்பணம் திரும்பக் கிடைக்கும் என்றொரு வாசகத்தை நொத்தாரிசிடம் சொல்லி எழுதுவித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால், வேறு வீடு பாருங்கள்.