பிடரியைச் சொறிந்தால் பொய்யா?

பொய் சொல்பவர் மூக்கைத் தொடுவார், பிடரியைச் சொறிவார் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்களே, நம்பலாமா என்று கண்ணமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நம்ப வேண்டாம். ஆனால் பிடரியைச் சொறிவது சாதாரண சங்கதியும் இல்லை. அதைக் கவனிக்க ஜவ்வாது மலையடிவாரத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. மலைச்சாலை ஓரத்தில் நாட்டுக் குரங்குகள், பேருந்து நிறுத்தத்தில் மனிதர்கள்.

குரங்கில் தொடங்குவோம். யாரோ வீசிய வேர்க்கடலை கிடக்கிறது. பக்கத்தில் பெரிய கடுவன் உட்கார்ந்திருக்கிறது. இளங்குரங்கு கையை நீட்டுகிறது, இழுத்துக்கொள்கிறது, வேறெங்கோ பார்க்கிறது. சட்டென்று தொடையைப் பரபரவென்று சொறிகிறது. பேன் கடித்ததால் அல்ல. இப்போது நிறுத்தத்துக்கு வாருங்கள். வேலூர் பேருந்து பிதுங்கப் பிதுங்க ஆளோடு வந்து நிற்கிறது. ஏறலாமா, அடுத்ததில் போகலாமா? ஒருவரின் கால் படியை நோக்கிப் போய் நின்றுவிடுகிறது. கை பிடரிக்குப் போகிறது. பேருந்து கிளம்பியதும் கை தானாக இறங்கிவிடுகிறது.

இதற்கு விலங்கியலாளர்கள் தரும் விளக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பேருந்தின் வாசலில் ஒரு தடித்த ஆள் ஏறப் பார்க்கிறார், இன்னொரு தடித்த ஆள் இறங்கப் பார்க்கிறார். இருவரும் வாசலில் சிக்கி நிற்க, அவர்கள் கைகளுக்கு அடியில் ஒரு சின்னப் பையன் நுழைந்து ஏறிவிடுகிறான். 'நெருங்கு', 'விலகு' என்ற இரண்டு பெரிய உந்துதல்கள் சம பலத்தில் ஒன்றையொன்று தடுக்கும்போது, அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த மூன்றாவது சின்னப் பழக்கம் வெளியே வருகிறது. சொறிதல்தான் அந்தப் பையன். வாசலில் நெரிசல் என்பதற்கு அவன் சாட்சி. தடித்தவர்கள் யார், எங்கே போகிறார்கள், என்ன தகராறு என்று அவனைக் கேட்டால் தெரியாது. நடத்துநர் விசில் ஊதி ஒருவர் வழிவிட்டால், அவன் நுழைய இடுக்கும் இருக்காது. பயிற்சி வகுப்புகள் தவறுவது இங்கேதான். பையனைப் பார்த்ததும் வழக்கின் தீர்ப்பையே எழுதிவிடுகிறார்கள்.

சேவல்கட்டு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சண்டை உச்சத்தில் இருக்கும்போதே சேவல் இல்லாத தானியத்தைத் தரையில் கொத்தும். பாய்வதா, ஓடுவதா என்ற இழுபறி அது.

வரலாறும் ஒரு வரி வேண்டுமே. எல்லைச் சண்டையில் ஸ்டிக்கிள்பேக் மீன் தலைகீழாக நின்று மணலைத் தோண்டுவதை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன் 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அவருடைய மாணவர் டெஸ்மண்ட் மோரிஸ் 1967இல் மனிதனையே ஒரு குரங்கினமாகப் பாவித்து நூல் எழுதிப் புகழ்பெற்றார். அதே ஆண்டு வெளியான, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனின் சிறு சோதனைகளைத் திரித்துத்தான் 'பேச்சில் 93 சதவீதம் உடல்மொழி' என்று இன்றும் மேடைகளில் முழங்குகிறார்கள். ஒற்றைச் சொற்களின் தொனி, முகபாவம் இவற்றிலிருந்து விருப்பு வெறுப்பை ஊகிக்கும் சோதனைகள் அவை. எல்லாப் பேச்சுக்கும் அவை பொருந்தா.

சரி, சொறிவதால் குரங்குக்கு ஏதாவது பயன் உண்டா? புவேர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாண்டியாகோ தீவின் ரீசஸ் குரங்குகள் 1938இல் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவற்றின் வாரிசுகள். பலசாலி நெருங்கும்போது எளிய குரங்கு சொறிந்துகொண்டால் என்ன நடக்கிறது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. சொறியாதபோது நான்கில் மூன்று சந்திப்புகள் வம்பில் முடிந்தன, சொறிந்தபோது பாதிதான். தவிப்பு வெளியே தெரிவது எளியவனைக் காக்கிறது. மனிதர்களிடமும் 2022இல் பார்த்தார்கள். பதற்றத்தைக் காட்டியவர்களைப் பார்வையாளர்கள் கூடுதலாக விரும்பினார்கள்.

பொய்யைக் கண்டுபிடிப்பதிலோ மனிதர்கள் சராசரியாக 54 சதவீதமே சரி என்பது 2006இல் தொகுக்கப்பட்ட முடிவு. நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். ஆகவே, நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவரோ, காவல் நிலைய விசாரணையில் நிற்பவரோ கழுத்தைத் தடவினால் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். குற்றமற்றவருக்கும் அங்கே தவிப்புதான். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, சற்றுப் பொறுத்து, கேள்வியை மறுபடி கேளுங்கள்.