கொதிகலனுக்கு உலர்ந்த விறகு

தெமோதரை முதலான ஊவா மலைப்பகுதிகளில் தேயிலைத் தொழிற்சாலைகளின் உலைகளும் கொதிகலன்களும் பெரும்பாலும் விறகினாலேயே எரிக்கப்படுகின்றன. அவ்விறகை விற்கும் கமக்காரர் அதன் ஈரத்தைக் கவனித்தல் வேண்டும்.

பச்சையாக வெட்டிய 100 கிலோ விறகில் ஏறக்குறைய 50 கிலோ நீராகவே இருத்தல் கூடும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேற்பட்ட வெப்பம் செலவாகும். அவ்வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகும். ஈரம் 20 வீதமாகக் குறைந்த விறகோ, நிறைக்கு நிறை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு வெப்பந் தரும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்:

1. ஐப்பசி மழைக்கு முன்னரே வெட்டி, பருத்த கட்டைகளைப் பிளந்திடுக.

2. நிலத்தில் படாதவாறு குறுக்குக் கட்டைகளின்மேல், காற்றோட்டமாக அடுக்குக.

3. மேலே கூரையிடுக, பக்கங்களை மூடற்க.

விறகிற்கு ஏற்றது சீமைக்கிளுவை (கிளிரிசீடியா). இலங்கையில் 2005ஆம் ஆண்டு இது நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. வேலியில் நட்டால் கிளைகள் விறகாகும். தழை வயலுக்கும் மரக்கறித் தோட்டத்திற்கும் பசளையாகும். கிளைகளை வெட்டியபின் மரம் மீண்டுந் தளிர்க்கும்.

உலர்ந்த விறகு நிறையிற் குறையும். ஆகவே பழைய விலைக்கே நிறுத்துக் கொடுத்தால் உழைத்தவருக்கே நட்டம். உலர்த்துமுன்பே தொழிற்சாலையாருடன் பேசி, உலர்ந்த விறகிற்குத் தனி விலை உறுதி செய்துகொள்க. பல கமக்காரர் ஒன்றுகூடிப் பேசுதல் மேலும் பயன் தரும்.

வீட்டில் நெல் அவிக்கும் அடுப்பிற்கும் இவ்விதியே பொருந்தும். உலர்ந்த விறகால் எரிபொருளும் மிஞ்சும், புகையுங் குறையும்.