நஷ்டஈட்டுக்குக் காலாவதி

இடுக்கி மாவட்டத்தில் தமிழ் பேசும் மலைக் கிராமம் காந்தலூர். மழை மறைவுப் பிரதேசம். பூண்டும் ஆப்பிளும் விளையும் சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து, தமிழக எல்லை தாண்டி அமராவதிக்குப் போகின்றன. நாளை அந்த ஓடையில் யாராவது கழிவைத் திறந்துவிட்டால் வழக்குப் போடும் உரிமை யாருக்கு? காந்தலூர்க்காரருக்கு மட்டுமல்ல, அதனால் பாதிக்கப்படும் உடுமலைப்பேட்டை விவசாயிக்கும் உண்டு. இருவரும் போக வேண்டியது ஒரே இடம்தான்: சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.

வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. (வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தீர்ப்பாயத்தின் பட்டியலில் கிடையாது. யானைக்காக வழக்காடுபவர் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.)

தாராளமான சட்டம்தான். ஆனால் நாள் கணக்கில் கறார். பாதிப்பைத் தடுக்கக் கேட்பவர் 6 மாதத்துக்குள் வர வேண்டும். நஷ்டஈடு கேட்பவர் 5 ஆண்டுக்குள். தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள். அதற்கு மேல் கெஞ்சினாலும் பயனில்லை.

இந்தக் கணக்கு என்ன செய்யும் என்பதற்குப் பாலக்காடு எல்லையில் உள்ள பிளாச்சிமடையே சாட்சி. 2000இல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணறுகள் வற்றின, மிஞ்சிய தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது என்று 2002 ஏப்ரலில் ஆதிவாசிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மயிலம்மா அவர்களின் முகமானார். கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுக்க, விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலாளி மட்டுமே என்றது 2003 டிசம்பரில் வந்த தனி நீதிபதியின் தீர்ப்பு. 2005இல் டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றி, தினமும் 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மறுபடி ஓடவில்லை. ஆலையைத் திறக்கும் எண்ணமில்லை என்று 2017இல் கம்பெனியே சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது.

சரி, கெட்டுப்போன நிலத்துக்கும் கிணற்றுக்கும்? கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010இல் போட்ட கணக்கு 216 கோடி ரூபாய். அதை வசூலிக்கத் தனி டிரிப்யூனல் அமைக்க 2011 பிப்ரவரியில் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. டில்லியில் எழுந்த ஆட்சேபங்களில் ஒன்று: பசுமைத் தீர்ப்பாயம்தான் இருக்கிறதே!

ஆலை நின்றது 2004. தீர்ப்பாயம் பிறந்தது 2010. 5 ஆண்டுக் கெடு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.